இரவுக் கழுகும் எரிந்த வயல்களும்

1948ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில், பொனெல்லி எழுத, கல்லெப்பினி வரைய, டெக்ஸ் வில்லர் என்னும் சித்திரக்கதை வீரன் தோன்றினான். சிவகாசியின் லயன் காமிக்ஸ் வாயிலாக அவன் தமிழும் பேசலானான். பிறப்பால் வெள்ளையன், நவஹோ தலைவரின் மகள் லிலித்தை மணந்து, பின்னர் அக்குலத்தின் தலைவனாகி, இரவுக் கழுகு எனப் பெயர் பெற்றவன். ஒருபுறம் வெள்ளையர் சட்டத்தின் காவலன். மறுபுறம் அச்சட்டத்தால் நிலமிழந்தோரின் தலைவன்.

கலப்பு மணம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள. அத்தகையோர் வீட்டுப் பிள்ளைகளும் இக்கதையைக் கையிலேந்தி மகிழ்கின்றனர் என்பது நல்லதே. வெள்ளை வணிகரின் நோய்க் கம்பளிகளால் அம்மை கண்டு லிலித் மாய்வதையும், கணவன் பழிதீர்க்கப் புறப்படுவதையும் காட்டிய துணிவை நாம் பாராட்டுகிறோம்.

நிற்க. டெக்ஸின் உயிர்த்தோழனாக வருபவன் பெயர் கிட் கார்சன். அப்பெயருடையார் வரலாற்றிலும் ஒருவர் உண்டு. 1863இல் படையுடன் சென்று நவஹோக்களின் சோள வயல்களை எரித்து, ஆட்டு மந்தைகளை அழித்துப் பசியால் பணியவைத்தவர் அவரே. 1864இல் தொடங்கி, 8,000க்கு மேற்பட்டோர் சொந்த மண்ணினின்று நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டனர். 1868 உடன்படிக்கைக்குப் பின்னரே மீண்டனர். வயலை எரித்தவரின் பெயரைத் தாங்கியவனே, கதையில் நவஹோ தலைவனுடன் நெருப்பருகே அமர்ந்து உண்கிறான்!

அந்த உண்மைக் கார்சனும் அரப்பாஹோ குலப்பெண்ணை மணந்து மகளைப் பெற்றவரே. அவ்வுறவு நவஹோக்களின் வயல்களைக் காக்கவில்லை. ஒருவன் மணவினையால் இரு குலத்துக்கும் உறவினனாகலாம்; அதனால் மட்டும் ஒரு குலம் தன் உரிமையைப் பெற்றுவிடாது. இதனைக் கதை மறைக்கிறது. நவஹோக்களின் குறை தீர வெளியிலிருந்து வந்த ஒரு வீரனே வேண்டுமென அது பழக்குகிறது. டெக்ஸின் மகன் கிட்டோ, தந்தை தேர்ந்துகொண்ட இரு வழிகளையும் பிறவியிலேயே பெற்றவன். அவன் நெஞ்சம் எப்பக்கம் சாயும் என்னும் வினாவே இக்கதையின் உயிர்வினா. அதற்குக் கிடைக்கும் பக்கங்களோ, தந்தையின் துப்பாக்கிக்குக் கிடைப்பதினும் மிகச் சில.

வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும், கடைத்தெருவில் சீனமும் கேட்டு ஸ்ரீ கெம்பாங்கானில் வளரும் நம் இளைஞருக்கு அம்மகனின் நிலை அயலன்று. அவர்கள் டெக்ஸைப் படிக்கட்டும், தடுக்க மாட்டோம். 1864இன் வரலாற்றையும் உடன் படித்து, தம்மைக் காக்க இரவுக் கழுகு வருமெனக் காத்திராமல், தம் உரிமையைத் தாமே பேசக் கற்கட்டும்.