பம்பையும் அருளும்: தாள வேகக் கோட்பாடு குறித்து ஒரு விமர்சனம்

மேளத்தின் வேகம் மூளையைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் மனிதருக்கு அருள் வருகிறது என்ற கருத்து இன்று பரவலாக வழங்குகிறது. சைபீரியாவின் ஷாமன்களைப் பற்றி எழுதுவோரும் நம் ஊர்ச் சாமியாட்டத்தைப் பற்றி எழுதுவோரும் இதை ஐயமற நிறுவப்பட்ட அறிவியல் உண்மைபோல எடுத்தாள்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துப் பம்பைக்காரர்களின் வேலையை அருகில் நின்று கவனித்தவர்களுக்கு இது பாதி விளக்கமாகக்கூடத் தோன்றாது.

இக்கருத்தின் மூலம் ஆண்ட்ரூ நெகர் என்ற அமெரிக்க ஆய்வாளர். ஆய்வுக்கூடத்தில் சிலரை உட்காரவைத்து மேள ஒலியைக் கேட்கச் செய்து, அவர்களது மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். அடியின் வேகத்துக்கு ஏற்ப அலைகளும் மாறுவதாகக் கண்டார். 1962இல் வெளியான கட்டுரையில், சடங்குகளில் மேளம் கேட்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் இதுவே காரணம் என்று விரித்துச் சொன்னார். பிறகு மைக்கேல் ஹார்னர் 1980இல் எழுதிய நூலும் அவர் நடத்திய பயிற்சிகளும், ஒரே சீராக விரைந்து அடிக்கும் மேளத்தை எந்த நாட்டவரும் எந்த நம்பிக்கையும் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. நாடாவில் பதிந்த மேளமே போதும் என்ற நிலை வந்தது.

அதே 1980இல் பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பர்ட் ரூஷே, இசையும் ஆவேசமும் பற்றிய தம் பெரிய நூலில் இதை மறுத்தார். நெகர் சொல்வது சரியென்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் ஆண்டு முழுவதும் ஆவேசத்திலேயே இருக்க வேண்டுமே என்று அவர் கிண்டலாகக் கேட்டார். இந்தக் கேள்வியை நம் ஊருக்கும் கேட்கலாம். காவேரிப்பட்டினத்தில் மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும்போது தெருவெல்லாம் கூட்டம். அத்தனை பேர் காதிலும் ஒரே பம்பை ஒலிதான் விழுகிறது. அருள் வருவது சிலருக்கு. பக்கத்தில் நின்று கடலை விற்பவருக்கு வருவதில்லை. மணிக்கணக்காக அடிப்பவருக்கே பெரும்பாலும் வருவதில்லை!

பம்பை என்பது இரண்டு உருளை மேளங்களைச் சேர்த்துக் கட்டிய கருவி. ஒன்று மரம், மற்றது பித்தளை. இரண்டின் ஒலியும் வேறு வேறு. கூடவே உடுக்கையும் கைச்சிலம்பும் உண்டு. உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கலாம், ஏறக்குறைய பேச்சுக் குரல்போல. ஆய்வுக்கூடத்து மேளம் இப்படிப் பேசுவதில்லை. மேலும் இங்கே அடி தனியாக வருவதே இல்லை, பாட்டோடு சேர்ந்தே வருகிறது. பிரம்மனின் தலையைக் கிள்ளியதால் சிவன் கையில் கபாலம் ஒட்டிக்கொண்ட கதை, அதை விடுவிக்க அம்மன் மயானத்தில் சோற்றை இறைத்த கதை எல்லாம் வர்ணிப்பாக வரும். நான் பார்த்த வரையில், பெரும்பாலும் உடல் நடுங்கத் தொடங்குவது அடி உச்ச வேகத்தில் இருக்கும்போது அல்ல, குறிப்பிட்ட பெயரோ அழைப்போ பாட்டில் வரும் இடத்தில்தான். வேகம் அதற்குப் பின்னால் கூடுகிறது.

ரூஷே இன்னொரு பயனுள்ள வேறுபாட்டையும் காட்டினார். ஷாமன் தானே மேளம் அடித்துக்கொண்டு ஆவிகளின் உலகத்துக்குப் போகிறான். ஆவேசம் கொள்பவரிடமோ தெய்வம் வருகிறது, அவருக்காக வேறொருவர் அடிக்கிறார். தமிழில் 'சாமி வருது' என்றுதான் சொல்கிறோம், 'சாமிகிட்ட போயிட்டு வந்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே நம் பம்பைக்காரரை ஷாமன் என்று எழுதுவது பொருந்தாது. ஆனால் உடுக்கையைத் தானே அடித்து, தானே அருள் வந்து குறி சொல்லும் கோடாங்கி இருக்கிறாரே! தெய்வம் அவரிடம்தான் வருகிறது, ஆனால் மேளம் அவர் கையிலேயே இருக்கிறது. ரூஷேயின் வகுப்பும் இந்த இடத்தில் இளகிவிடுகிறது. ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் குரும்பர்கள் வீரபத்திரர் விழாவில் தலையில் தேங்காய் உடைத்துக்கொள்வதையும் இங்கே நினைக்கலாம். அங்கே தெய்வமும் வேறு, பாட்டும் வேறு.

சொல்லுக்கு முதலிடம் தந்து எழுதியவர் இசபெல் நபோகோவ். தென்னார்க்காடு வட்டாரச் சடங்குகளைப் பற்றிய அவரது நூல் 2000இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. பேய் ஓட்டும்போது பம்பைக்காரர்கள் பெண்ணைக் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவளைப் பிடித்திருக்கும் பேயின் பெயரைச் சொல்லவைப்பதை விரிவாகக் காட்டுகிறார். அந்தப் பேய் பெரும்பாலும் அகால மரணமடைந்த ஓர் இளைஞன், பிடிபட்டவள் புதிதாக மணமானவள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்ற கதை அவள் வாய் திறக்கும் முன்பே தயாராக இருக்கிறது என்பதும், கணவனிடம் அவளைத் திருப்பி அனுப்புவதில் சடங்கு முடிகிறது என்பதும் அவரது வாதம். கசப்பானதாயினும் ஏற்க வேண்டிய வாதம் இது. மேளத்தைப் புகழ்ந்து எழுதும் நம்மவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். சங்க அகப்பாடல்களில் மகள் காதல் நோயால் மெலிகிறாள், தாய் அதை முருகன் அணங்கியதாக எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். தலைவியும் தோழியும் உண்மை அறிந்து உள்ளுக்குள் சிரிக்கிறார்கள். அகநானூற்றின் 22ஆம் பாடலைப் பாடியவருக்கு இதனாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெயர் நிலைத்தது. சடங்கு ஒரு பெண்ணின் மனத்தைத் தவறாகப் படிக்கக்கூடும் என்பது நம் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. நபோகோவ் காட்டும் பெண்களுக்கு அப்படிச் சிரிக்க ஒரு தோழி இல்லை, அதுதான் வேறுபாடு.

ஆனால் நபோகோவின் காது சொல்லின் பக்கமே சாய்ந்திருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அடி என்ன செய்கிறது என்பதை அவரைப் படித்து அறிய முடியாது. நெகர் சொல்லை விட்டார், இவர் அடியை விட்டார். பம்பைக்காரரின் திறமை இவை இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆடுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் அடிக்கிறார். கண் செருகினால் நெருக்குகிறார், கால் தள்ளாடினால் தளர்த்துகிறார். சாமி 'மலையேற' வேண்டிய நேரத்தில் அடி மாறுகிறது, கற்பூரம் காட்டப்படுகிறது, விழுபவரைத் தாங்க ஆள் நிற்கிறார்.

தாளமே காரணம் என்ற கருத்தால் கெடுதல் விளைவது இந்த இடத்தில்தான். வேகமும் சத்தமும்தான் வேண்டும் என்றால் செண்டை மேளமும் நாசிக் டோலும் ஒலிபெருக்கிப் பாட்டும் போதுமே. இப்பகுதித் திருவிழாக்களில் அவை வந்தும்விட்டன. வாடகைக்கு வந்த குழு தன் உருப்படியை அடித்து முடிக்கும். நடுவில் அருள் வந்து நிற்கும் பெண்ணை அவர்கள் யாரும் பார்ப்பதில்லை, அவளை இறக்கும் அடியும் அவர்களிடம் இல்லை. மேடைக் கலைவிழாக்களில் பம்பைக்கு இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் அங்கேயும் ஏற்றும் அடிக்குத்தான் கைதட்டல்.

பம்பையைப் பற்றிய கட்டுரைகளில் மரம், தோல், அளவு எல்லாம் எழுதுகிறோம். எந்த வர்ணிப்புக்கு எந்த அடி, இறக்குவதற்கு எது என்று அடிப்பவர்களைக் கேட்டு எழுதிச் சேர்க்கும் வேலை அப்படியே கிடக்கிறது.