நைட் க்ரீம்: இரண்டு முகம், இருபத்தெட்டு ராத்திரி

போன கார்த்திகையில் அம்மாவோடு கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். வாங்கப் போனது சீயக்காயும் பற்பசையும். பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்துக் கண்ணாடி அடுக்கிலிருந்து ஒரு நைட் க்ரீமை அம்மா கையில் எடுத்துப் பார்த்தாங்க. கடைப்பெண் அவங்க புறங்கையில் ஒரு சொட்டு தடவிக் காட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது நல்லாருக்குமா?" என்று என்னைக் கேட்டாங்க.

நான் டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்தேன். 50 கிராம், 1,450 ரூபாய். "வேஸ்ட்டும்மா, எல்லாம் வேசலின்தான்" என்றேன், அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கும்போதே. அம்மா டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டாங்க. வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அறுபத்து நான்கு வயதில் தனக்கென்று அவங்க கேட்ட பொருட்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அது உறுத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. இந்தப் பக்கத்தில் மற்றவர்களின் பாடபேதத்துக்கும் காலக்கணிப்புக்கும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு எழுதுகிறவள் நான். "எல்லாம் வேசலின்தான்" என்று சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? சும்மா ஒரு மிதப்பில் சொன்னதுதான். மறுநாள் போய் அதே க்ரீமை வாங்கிவந்தேன். பெயரை எழுதப் போவதில்லை. இங்கே சொல்வது அந்த ஒரு டப்பாவுக்கு மட்டும் பொருந்துகிற விஷயமில்லை.

அட்டையை வாசித்தல்

முகப்பில் பெரிய எழுத்தில் "ஒரே இரவில் இருமடங்கு ஈரப்பதம்" என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அது எங்கே போகிறது என்று தேடினால், அடியில் எறும்பு எழுத்தில் பதில்: "க்ரீம் தடவாத சருமத்தோடு ஒப்பிட்டு."

என்னைக் கேட்டால் விமர்சனம் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தடவாத தோலோடு ஒப்பிட்டால் எதுதான் ஜெயிக்காது? வறண்ட சருமம் உள்ளவர்களிடம் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு பிலிப்பைன்ஸில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2004இல் வெளிவந்தது. 34 பேர், காலில் தடவி, இரண்டு வாரம். இரண்டுமே வறட்சியைக் குறைத்தன. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது எங்க அப்பத்தா காலில் தேய்த்துக்கொண்ட எண்ணெயும் அட்டையில் இருக்கிற அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணியிருக்கும்.

ஏன் எதைத் தடவினாலும் பலன் தெரிகிறது? தோலின் ஆக மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. செல்களுக்கு நடுவே செராமைடு, கொழுப்பு அமிலம், கொலஸ்ட்ரால் மூன்றும் கலந்த ஒரு பூச்சு. செங்கல்லும் சாந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுக்கில் இருக்கிற தண்ணீர் ராத்திரி பகலாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் 1952இல் ஒரு எளிய விஷயத்தைக் காட்டினார். காய்ந்து விறைத்த அந்த அடுக்கை எண்ணெயில் போட்டால் இளகுவதில்லை, தண்ணீர் ஏறினால்தான் இளகும். ஆக, தோலுக்கு எண்ணெய் "ஊட்டம் தருகிறது" என்பதெல்லாம் பேச்சுக்கு. எண்ணெயின் வேலை, இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் மூடிவைப்பது.

மாய்ஸ்சரைசர் என்ற பெயரில் எது வந்தாலும் மூன்று வேலைதான் செய்கிறது. கிளிசரின் போன்றவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் போன்றவை மூடி போடும். மற்ற கொழுப்புப் பொருட்கள் சொரசொரப்பை நிரவும். தண்ணீர் ஏறிய மேலடுக்கு கொஞ்சம் உப்பும். மெல்லிய கோடுகள் மறையும். வெளிச்சம் சீராகத் திரும்பும். காலையில் கண்ணாடியில் தெரிகிற அந்த "க்ளோ" அதுதான். நிஜம்தான், பொய்யில்லை. ஆனால் அது எந்த டப்பாவுக்கும் தனிச்சொத்து இல்லை.

அடுத்து, சேர்மானப் பட்டியல். இதைப் படிக்க ஒரு சின்ன உபாயம் உண்டு. பட்டியல் அளவு வாரியாக, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். பீனாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளுக்கு உச்சவரம்பே ஒரு சதவீதம். எனவே பட்டியலில் அதற்குப் பின்னால் வருவது எல்லாம் அதிகபட்சம் ஒரு சதவீதம்தான். எங்கள் டப்பாவில் தண்ணீர், கிளிசரின், டைமெத்திகோன், ஷியா பட்டர் என்று போய், பீனாக்ஸிஎத்தனால் தாண்டி, வாசனைப் பொருளும் தாண்டி, கடைசியில் குங்குமப்பூச் சாறு. அட்டையின் முகப்பில் படம் போட்டிருப்பதோ அந்தக் குங்குமப்பூவை! நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹயலூரானிக் அமிலமும் அந்தக் கடைசி வரிசையில்தான் இருந்தது. அது கொஞ்சமாக இருந்தாலும் வேலை செய்யக்கூடியது. பின்னால் இருப்பது எல்லாமே ஒப்புக்குச் சேர்த்தது என்று முடிவு கட்டக்கூடாது.

"இரவு" என்பதில் உண்மை உண்டா? பாதி உண்டு. சாயங்காலமும் ராத்திரியும் தோல் வழியாக நீர் இழப்பு காலையைவிட அதிகம் என்று 1998இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. வெயில், வியர்வை, தூசி இல்லாததால் பிசுபிசுப்பாக எதையும் பூசிக்கொண்டு படுக்கலாம் என்பதும் சரி. ஆனால் டப்பாவுக்குள் இருக்கிற கிளிசரினுக்கு மணி பார்க்கத் தெரியாது.

சோதித்த விதம்

அட்டை தவிர்த்த கேள்வி: மலிவான ஒரு க்ரீமோடு வைத்துப் பார்த்தால் இது எப்படி? அதற்கு மருந்துக்கடையில் ஒயிட் சாஃப்ட் பாரஃபினும் லிக்விட் பாரஃபினும் கலந்த, வாசனை இல்லாத க்ரீம் ஒன்று வாங்கினேன். 100 கிராம் 240 ரூபாய்.

முதல் முயற்சி சொதப்பல். வீட்டில் எல்லோரும் குளிக்கிற சோப்பிலேயே முகமும் கழுவுகிறவர்கள். க்ரீம் தொடங்கிய அன்றே "சோப்பு வேண்டாம்மா, வெறும் தண்ணீர் போதும்" என்று நான் வேறு சொல்லிவைத்தேன். நாலாம் நாளே முகம் முழுக்க நன்றாகிவிட்டது, இரண்டு பாதியும். காரணம் க்ரீமா, சோப்பை நிறுத்தியதா? சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, செங்கல்லுக்கு நடுவில் இருக்கிற சாந்தை அரிக்கும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று சொல்லவே முடியாது. கலைத்துவிட்டு, சோப்பில்லாமல், க்ரீமில்லாமல் ஒரு வாரம் விட்டோம். மார்கழி பிறந்ததும் மறுபடி தொடங்கினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உதடு வெடிக்கிற காலம், வறட்சிக்குக் குறைவில்லை.

நானும் அம்மாவும், ஆளுக்கு முகத்தில் ஒரு பாதி இந்த க்ரீம், மறுபாதி அந்த க்ரீம். யாருக்கு எந்தப் பாதி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தது வீட்டுக்காரர். அவரே இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் மாற்றி 1, 2 என்று எழுதிக் கொடுத்தார். பாதிக்கு ஒரு விரல்நுனி அளவு, 28 ராத்திரி. எழுந்து முகம் கழுவிப் பத்து நிமிடம் கழித்து, இழுக்கிறதா, செதில் இருக்கிறதா என்று ஆளுக்கொரு நோட்டில் குறித்தோம். வாரம் மூன்று நாள், கிழக்கு ஜன்னல் ஓரத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ.

எதை எதில் போட்டிருக்கிறது என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. முதல் ராத்திரியே அம்மா மூடியைத் திறந்து, "மாப்பிள்ளை, ஒண்ணாம் நம்பர்தானே கடைல பார்த்தது?" என்றாங்க. வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. நாங்கள் இருவருமே நடுவர் ஆக லாயக்கில்லை என்று ஆனது. அதனால் போட்டோக்களை, எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல், நாத்தனாருக்கு அனுப்பி, "எந்தப் பக்கம் நல்லாருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

கிடைத்தது

எங்கள் நோட்டுகளில் முதல் வாரம் விலை அதிகமான பக்கம் தெளிவாக முன்னால் நிற்கிறது. என் நோட்டிலும்தான், "எல்லாம் வேசலின்" என்று சொன்னவளின் நோட்டிலும்! மூன்றாம் வாரம் வரும்போது இரண்டு பத்தியும் ஒன்றாகிவிடுகின்றன.

நாத்தனார் பார்த்த 24 படங்களில் விலை அதிகமான பக்கம் நன்று என்றது 8, மருந்துக்கடை க்ரீம் பக்கம் 9, வித்தியாசம் தெரியவில்லை என்றது 7. இரண்டு பேரை வைத்துச் செய்ததை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை. அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு நிறுத்தச் சோதனை. ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் 1978இல் சொன்ன வழி: மாய்ஸ்சரைசரின் தரத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதைவிட, நிறுத்தியபின் வறட்சி திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். நிறுத்தினோம். அம்மாவுக்கு இரண்டாம் நாள் இழுத்தது, எனக்கு மூன்றாம் நாள். இரண்டு பாதியும் ஒரே நாளில்.

ஒரே ராத்திரியில் வருவது இரண்டு ராத்திரியில் போய்விடுகிறது. "தடவினேன், காலையில் முகம் பளபளன்னு இருந்துச்சு" என்று முடிகிற விமர்சனங்களில் எனக்கு இருக்கிற குறை இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. எல்லா டப்பாவும் தேறுகிற பரீட்சையை வைத்து ஒரு டப்பாவுக்கு முதல் பரிசு கொடுக்கிறார்கள்.

காசுக் கணக்கு

முகம், கழுத்து இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை விரல்நுனி அளவு வேண்டும். ஒரு விரல்நுனி அரை கிராம் என்று வைத்தால் ராத்திரிக்கு 1.25 கிராம். நைட் க்ரீம் கிராம் 29 ரூபாய், ஆக ஒரு ராத்திரிக்கு 36 ரூபாய். 50 கிராம் டப்பா நாற்பது நாள் வரும். மருந்துக்கடை க்ரீம் கிராம் 2 ரூபாய் 40 காசு, ராத்திரிக்கு 3 ரூபாய். மாதத்துக்கு 1,087க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம். டப்பா விலையைப் பார்க்கும்போது இது தெரியாது. கிராம் விலையைப் பாருங்கள். பல அட்டைகளில் இப்போது அதையும் அச்சிடுகிறார்கள்.

இது வறண்ட சருமத்துக்கான கணக்கு. பரு வருகிற முகத்துக்கு இரண்டுமே சரிப்படாமல் போகலாம். எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். வாசனை சேர்த்த க்ரீம் சிலருக்கு அரிக்கும்.

அளக்காமல் விட்டது

இதோடு நிறுத்தியிருந்தால் நான் கடையில் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். சோதனை முடிந்ததும் இரண்டு டப்பாவையும் அம்மாவிடமே கொடுத்து, "எது பிடிக்குதோ அதைப் போட்டுக்கங்க" என்றேன். நைட் க்ரீம் 22 கிராம் மீதி இருந்தது. கிச்சன் தராசில் இரண்டையும் எடை பார்த்துக் குறித்துக்கொண்டேன், அவங்களுக்குத் தெரியாமல்.

மூன்று வாரத்தில் நைட் க்ரீம் டப்பா வழித்து எடுத்த மாதிரி இருந்தது. மருந்துக்கடை க்ரீமில் ஏழு கிராம் குறைந்திருந்தது. அதுவும் குதிகால் வெடிப்புக்காம். "அது பிசுபிசுன்னு தலகாணியில ஒட்டுது கண்ணு. இது மூடியத் திறந்தா ஒரு வாசம் வருது பாரு, அது எனக்குன்னு இருக்கு" என்றாங்க.

முகத்தைப் பாதி பாதியாகப் பிரித்து நான் செய்த சோதனையில், இரண்டையும் தினமும் தடவியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. மாய்ஸ்சரைசர் இரண்டு நாளில் பலன் போய்விடுகிற பொருள் என்று நானே எழுதியாயிற்று. அப்படியானால் தினமும் தடவத் தோன்றுகிற க்ரீம், தடவாமல் அலமாரியில் கிடக்கிற க்ரீமைவிட நல்லதுதான். வாசனை, டப்பா, வழவழப்பு எல்லாம் வெறும் அலங்காரம் என்று நான் ஒதுக்கியது தப்பு.

அதற்காக அட்டையில் இருப்பது உண்மையாகிவிடாது. இருமடங்கு ஈரப்பதத்துக்கும் குங்குமப்பூவுக்கும் 36 ரூபாய் கொடுக்கிறோம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். 33 ரூபாய் வாசனைக்கும், ஒட்டாத வழவழப்புக்கும், மூடி திறக்கிற அந்த ஒரு நிமிடத்துக்கும் என்று தெரிந்து வாங்கினால், அதைத் தப்பென்று சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. வாங்க முடியாதவர்களுக்கு மட்டும் ஒன்று உறுதியாகச் சொல்லலாம்: உங்கள் தோல் எதையும் இழக்கவில்லை.

கணக்கை அம்மாவிடம் காட்டினேன். "ஒரு ராத்திரிக்கு முப்பத்தாறு ரூபாயா!" என்று வாயில் கை வைத்தாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தடவை மட்டும் வாங்கலாமா?" என்று கேட்டாங்க. இந்த முறை விலையைத் திருப்பிப் பார்க்காமல், கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.