பருவம் தப்பிய காற்று

மலேசியாவில் காற்றாலை என்று பேச்செடுத்தால் மெர்சிங் என்ற கடற்கரை ஊரின் பெயர் தானாக வந்து நிற்கும். அதற்குக் காரணம் ஓர் எண். கமாருஸ்ஸமான் சோப்பியானும் அவருடன் ஆய்ந்தவர்களும், பத்து வானிலை நிலையங்களில் 1982 முதல் 1991 வரை பதிவான காற்றை அலசி 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து நிலையங்களிலும் முதலிடம் மெர்சிங்குக்கு: 10 மீட்டர் உயரத்தில், சதுர மீட்டருக்குச் சராசரியாக 85.61 வாட். அந்த எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை வைத்துக்கொண்டு மெர்சிங்கிலும் அதன் தீவுகளிலும் காற்றாலை நடலாம் என்று முடிவுகட்டுவதைத்தான் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூடுதலாகக் கணித்துவிட்டால் ஆற்றல் கணக்கு முப்பத்து மூன்று விழுக்காடு ஊதிவிடும். காற்றாலையின் சுழலி 10 மீட்டரில் நிற்பதில்லை. ஆகவே மேலே காற்று எப்படி வலுக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஏழில் ஒரு பங்கு அடுக்குவிதியைப் போட்டால், 50 மீட்டரில் சுமார் 170 வாட் வருகிறது. சென்னையிலுள்ள காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைக்கு உகந்த இடங்களைப் பிரித்தபோது வைத்துக்கொண்ட அளவுகோல், அதே 50 மீட்டரில் 200 வாட். மெர்சிங் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது.

இந்த 170 கூட தாராளமான கணக்கு என்றே நினைக்கிறேன். மெர்சிங்கில் காற்று வலுத்து வீசுவது வடகிழக்குப் பருவத்தில், தென்சீனக் கடலின் மேலிருந்து. கடற்பரப்பு வழவழப்பானது, அதன்மீது வரும் காற்று உயரத்தோடு அதிகம் வலுக்காது. அடுக்கைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 170 என்பது 140-க்கு இறங்கிவிடும். போதாததற்கு, இயந்திரம் விற்பவரின் அட்டவணை 15 பாகை வெப்பத்துக் காற்றை வைத்துப் போடப்பட்டது. முப்பது பாகையில் காற்று இலேசாகி இன்னும் ஐந்து விழுக்காடு போய்விடும்.

இவ்வளவையும் மன்னித்துவிடலாம். இன்று தாழ்ந்த காற்றுக்கென்றே நீண்ட இறகுகளோடு காற்றாலைகள் வந்துவிட்டன. மன்னிக்க முடியாதது காலம்.

மெர்சிங் படகுத்துறையைப் பார்த்தவர்களுக்கு ஆண்டின் இரு முகங்கள் தெரியும். மார்ச் முதல் அக்டோபர் வரை ரவா, பெசார், திங்கி, அவுர், பெமாங்கில் என்று தீவுகளுக்கும், பகாங்கைச் சேர்ந்த தியோமானுக்கும் பயணிகள் போய்க்கொண்டிருப்பார்கள். நவம்பரில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் விடுதிகள் பலவும் பூட்டிக்கொள்ளும். குளிர்சாதனம், நீரேற்று மோட்டார், பனிக்கட்டிப் பெட்டி எல்லாம் ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் காற்று வீசுகிறது. ஆள் நிறைந்து ஜெனரேட்டர் முழுமூச்சாய் ஓடும் மாதங்களில் காற்று மந்தம். ஆண்டுச் சராசரி என்ற ஒற்றை எண் இந்த முரணை முழுக்க மறைத்துவிடுகிறது. சூரிய ஒளியோ மழைக்காலத்தில் குறைந்து, விருந்தினர் வரும் மாதங்களில் கூடுகிறது. தேவையும் வரத்தும் ஒரே பக்கம் சாய்கின்றன.

இதற்கு நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. விருந்தினர் போய்விடுவார்கள், கிராமத்தார் போகமாட்டார்கள். அவுரிலும் பெமாங்கிலிலும் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு, டீசல் கொண்டுவரும் படகு கடலில் இறங்கத் தயங்கும் நாட்களில் விளக்கெரிக்கும் காற்று பெரிய துணையல்லவா? துணைதான், இயந்திரம் ஓடும்வரை. உப்புக்காற்றில் நிற்கும் காற்றாலையில், இடிமின்னல் மிகுந்த இந்த நாட்டில், ஒரு தாங்குருளை தேய்ந்தாலோ இறகு பிளந்தாலோ டீசல் வராத அதே கடலைத் தாண்டித்தான் பழுதுபார்ப்பவரும் உதிரிப் பாகமும் வர வேண்டும். டீசலையாவது அக்டோபரிலேயே தொட்டியில் நிரப்பி வைக்கலாம்.

தீவுக்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பகற்சுமை குறைந்த மாதத்தில் காற்றாலை பாதிச் சுமையை எடுத்துக்கொண்டால், டீசல் ஜெனரேட்டர் தன் திறனில் முப்பது விழுக்காட்டுக்கும் கீழே முனகிக்கொண்டிருக்கும். அப்படி ஓடும் எஞ்சினில் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படிந்து ஆயுளைத் தின்கிறது. நிறுத்தவும் முடியாது, காற்று சட்டென்று விழுந்தால் அலைவெண்ணைத் தாங்கிப்பிடிக்க வேறு இயந்திரம் இல்லை. மின்கலத் தொகுப்பும் நல்ல இன்வெர்ட்டரும் இருந்தால் இது தீரும். அவற்றை வாங்கிய பிறகு, பக்கத்தில் சூரியத்தகடு வைப்பதா, நூறடிக் கோபுரம் நடுவதா என்றால் விடை வெளிப்படை.

காற்றாலைகளுக்குப் பேர்போன முப்பந்தலில் முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பது நியாயம். 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கிய மாநிலம் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. அங்கும் காற்று பருவத்துக்குக் கட்டுப்பட்டதுதான். மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தலை அடுத்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் சீறிவிட்டு அடங்கிவிடும். ஆனால் கணவாய் காற்றைப் பிதுக்கி வேகமூட்டுகிறது. மெர்சிங்குக்கு அப்படியொரு புனல் கிடையாது. தொடக்ககாலக் காற்றாலைகளில் இருந்த தூண்டல் மின்னாக்கிகள் தம் காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தை மின்கட்டமைப்பிலிருந்தே உறிஞ்சின. அதற்காக மின்வாரியம் கட்டணமே விதித்தது. அந்தச் சுமையையும் பருவ ஏற்றத்தாழ்வையும் தாங்கியது ஒரு பெரிய மாநிலத்தின் மின்கட்டமைப்பு. ஒரு தீவின் ஒற்றை ஜெனரேட்டரிடம் அந்தத் தோள்வலுவை எதிர்பார்க்கக் கூடாது. இன்றைய முழுமாற்றி இயந்திரங்கள் உறிஞ்சும் குறையை நீக்கிவிட்டன. எனவே இயந்திரத்தைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆக, தீவுகளுக்குக் காற்றாலை வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அந்தப் பணம் சூரியத்தகட்டுக்கும் மின்கலத்துக்கும் போகட்டும், டீசல் காவலுக்கு இருக்கட்டும்.

மெர்சிங் நிலப்பகுதியின் வழக்கு வேறு. தீபகற்ப மின்கட்டமைப்பின் உச்சத் தேவை 2024-ல் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. அந்தக் கடலில் மெர்சிங்கின் காற்று எந்த மாதம் வந்தாலும் கரைந்துவிடும். பருவ முரண் அங்கே குற்றமில்லை. அங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: சூரிய மின்சாரத்தின் விலைக்கு ஈடாகுமா? 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் கொண்டுவந்த சலுகை விலைத் திட்டம் காற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கையிலிருக்கும் 10 மீட்டர்க் கணக்கை வைத்து அதைத் தவறென்று சொல்ல என்னால் இயலாது. சரியென்றும் சொல்லமாட்டேன். நூறு மீட்டர் அளவைக் கோபுரம் ஒன்றைக் கரையில் நட்டு, இரண்டு வடகிழக்குப் பருவங்களை முழுதாகப் பதிவு செய்யட்டும். அதன் செலவு ஒரு காற்றாலையின் விலையில் சிறு துண்டு. 85.61-ஐ இன்னொரு முப்பது ஆண்டு மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பதைவிட அது மலிவு.