ஆங்கிலத்தின் வழுவும் வழுவமைதியும்

ஆங்கில வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் படித்தவர்கள் நம்மில் ஏராளம். இந்த விலக்கின் வேர் 1672 வரை போகிறது. கவிஞர் டிரைடன், பென் ஜான்சனின் வரிகளில் அதைக் குற்றமாக எடுத்துக்காட்டினார். பிற்பாடு தம் பழைய கட்டுரையிலும் அப்படி முடிந்த இடங்களைத் தேடித் திருத்தினார். இன்று 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்பதை 'அட் வாட் ஆர் யூ லுக்கிங்?' என்று மாற்றிக் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வழக்கை ஏற்பது ஒன்று, விதியால் திருத்துவது ஒன்று என ஆங்கில இலக்கணத்தில் இரு பள்ளிகள் உண்டு; இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கின. 1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி, ஆம், ஆக்சிஜன் ஆய்வால் பெயர்பெற்ற அதே பிரீஸ்ட்லி, மக்கள் வழக்கே மொழிக்குச் சட்டம் என்ற நோக்கில் ஒரு நூல் எழுதினார். மறுவருடமே ராபர்ட் லவுத்தின் இலக்கணம் வந்தது. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன அவர் ஷேக்ஸ்பியர், மில்டன், பைபிள் மொழிபெயர்ப்பு என யாரையும் விடாமல் அடிக்குறிப்புகளில் வழு கண்டார். அக்காலத்தில் ஒருவரைப் பார்த்து 'யூ வாஸ்' என்று சொல்வது சாதாரணம். லவுத் அதைப் பெரும்பிழை என்றார். பன்மைச் சொல் மரியாதையால் ஒருமைக்கு வந்த பிறகும் வினை பன்மையிலேயே நின்றுவிட்டது. 'அவர் வந்தார்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. நம் இலக்கணிகள் இத்தகையவற்றுக்கு 'வழுவமைதி' என்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். லவுத்தின் வழி வந்த பலருக்கு அந்தத் தாராளம் இல்லை.

1795இல் லிண்ட்லி மரேயின் பாடநூல் வந்து, லவுத் பள்ளியை வகுப்பறைகளில் நிலைநாட்டியது. நம் பக்கம் அந்த வேலையைச் செய்தது ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதியவர் என்பது அவர் பயிற்சிகளைப் போட்டுத் தேய்ந்த பலருக்குத் தெரியாது.

1959இல் ஸ்ட்ரங்கின் எழுத்துநடைச் சிறுநூலை அவர் மாணவர் ஈ.பி. வைட் விரித்து வெளியிட்டார். வேண்டாத சொற்களை வெட்டு என்ற அதன் அறிவுரை பொன்னானது. செயப்பாட்டுவினையைத் தவிர் என்பதற்கு அது தரும் உதாரணங்களில் பெரும்பாலானவை செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் சுட்டிக்காட்டியதும் நியாயம்தான்.

இரு பள்ளியும் சண்டையிடாத இடம் ஒன்று உண்டு. திருத்த வந்த ஒரு கைப்பிரதியில் 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் குட்' என்றிருந்தது. எழுவாய் குவாலிட்டி, ஒருமை. பக்கத்தில் நின்ற மாம்பழங்கள் வினையை இழுத்துக்கொண்டன. 'வாஸ்' என்று மாற்றினேன். 'மாம்பழங்களின் தரம் நன்றாக இருந்தன' என்று தமிழிலும் எழுதுகிறோமே, அதே சறுக்கல்தான். எழுவாயில் ஒரு விரலையும் வினையில் ஒரு விரலையும் வைத்துப் படித்தால் போதும், பிடிபட்டுவிடும். சண்டையில்லாத இன்னொன்று 'எ', 'ஆன்' வேறுபாடு. அதற்குக் கண்ணைவிடக் காது உதவும்: ஆன் ஹவர், எ யுனிவர்சிட்டி.

நிறுத்தக்குறியில் பள்ளிகள் இன்னும் சேரவில்லை. பட்டியலில் கடைசி 'ஆர்' அல்லது 'அண்ட்'டுக்கு முன் வரும் காற்புள்ளியை ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் கேட்கிறது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமும் விட்டிருந்தது. கெட்டுப்போகும் உணவைக் கையாளும் சில வேலைகளுக்கு ஓவர்டைம் இல்லை என்றது அது. பட்டியல் முடிவில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்றிருந்தது. அனுப்பவோ விநியோகிக்கவோ பொதிவது என்ற ஒரே வேலையா, பொதிவதும் விநியோகிப்பதும் என இரண்டா? ஒரே வேலைதான், நாங்கள் பொதிவதில்லை, ஓட்டுகிறோம் என்று பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறுவருடம் 50 லட்சம் டாலரில் சமரசம் ஆயிற்று. தீர்ப்புக்குப் பின் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. அப்போதும் காற்புள்ளி சேர்க்க மனம் வரவில்லை. பட்டியல் முழுக்க அரைப்புள்ளி போட்டார்கள்.