எடை இறங்கும் அழகு

நாற்பதைத் தாண்டி, தோளிலோ முழங்காலிலோ அடிபட்டு, சில மாதம் ஓய்ந்திருந்து மறுபடி ஜிம்முக்கு வரும் ஆணழகனிடம் ரசிக்க வேண்டியது அவர் எடையை இறக்கும் விதத்தை. தூக்குவதில் இருபத்தைந்து வயதுப் பையன் அவரை முந்திவிடுவான். இறக்குவதில் முடியாது. பெஞ்சில் படுத்து டம்பெல்லை நெஞ்சுக்குக் கொண்டுவர நான்கு நொடி எடுத்துக்கொள்வார். முழங்கை விலாவை விட்டு அதிகம் விரியாது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். டம்பெல் நெஞ்சில் மோதாமல் வந்து அமரும். தோளின் முன்பக்கத்தில் எப்போதோ பட்ட அடிதான் அந்தப் பிடியைக் கற்றுக்கொடுத்திருக்கும். பார்பெல்லைப் பிடித்து முழங்கையைப் பக்கவாட்டில் விரித்துப் போட்ட பழைய பெஞ்ச் பிரஸ்ஸை விட இது பார்க்கவும் அழகு.

இந்த நிதானத்துக்கு இந்தியாவில் ஒரு மூலவரைச் சொல்ல வேண்டுமானால் அது மனோகர் ஆய்ச்தான். வங்காளத்தின் கொமில்லா மாவட்டத்தில் 1912இல் பிறந்தவர். உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தபோது, இந்தியாவை இழிவாகப் பேசிய வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனார். அங்கே கருவி ஒன்றும் கிடையாது. தன் உடம்பின் எடையையே வைத்துக்கொண்டு நாளெல்லாம் பயிற்சி செய்தார். விடுதலையான பிறகும் வாழ்க்கை எளிதாக இல்லை. கல்கத்தா சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார், சர்க்கஸில் வித்தை காட்டினார். 1951இல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இன்னொரு வங்காளியான மோனோதோஷ் ராய் தன் பிரிவில் வென்றபோது ஆய்ச் இரண்டாமிடம். 1952இல் தன் பிரிவின் பட்டம் அவருக்கு. அப்போது வயது நாற்பது! இன்று அந்த வயதுக்காரரை மாஸ்டர்ஸ் பிரிவுக்குத் தள்ளிவிடுகிறோம். தொண்ணூறை ஒட்டிய வயதிலும் ஆய்ச் மேடையேறி உடலைக் காட்டினார். 2016 ஜூனில் இறக்கும்போது வயது 104. கருவியே இல்லாத இடத்தில் உருவான உடம்பு மூட்டுகளையும் காப்பாற்றி வைத்திருந்தது என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஆணழகன் ரோனி கோல்மனை ஆராதிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1998 முதல் 2005 வரை எட்டு மிஸ்டர் ஒலிம்பியா பட்டம். 800 பவுண்டை, அதாவது சுமார் 363 கிலோவை, தோளில் வைத்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தவர். அந்த வலிமைக்கு நிகரில்லை. ஆனால் முதுகிலும் இடுப்பிலும் அடுக்கடுக்காக அறுவை நடந்து, ஊன்றுகோலோடு நடக்கும் நிலைக்கு வந்தார். கனத்த எடையை விடவே மாட்டேன் என்பவர்களுக்கு டோரியன் யேட்ஸ் நல்ல வழி. பைசெப்ஸ் கிழிந்த 1994இலும், டிரைசெப்ஸ் கிழிந்த 1997இலும் ஒலிம்பியா பட்டத்தை விட்டுக்கொடுக்காதவர். ஒரு பயிற்சிக்கு ஒரே ஒரு முழுமூச்சு செட். அதிலும் எடை கீழே வரும்போது கட்டுப்பாடு தளராது.

இறக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தசை தேறும் வேகத்தில் அது தேறாது. மெதுவாக, தொடர்ந்து சுமை ஏற்றினால்தான் நாண் தன்னைச் சீர்செய்துகொள்ளும். ஸ்வீடனில் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்குக் குதிநாண் வலி. அறுவைக்கு வழி கிடைக்கவில்லை. நாண் அறுந்தாவது போகட்டும் என்று குதிகாலைப் படியின் விளிம்பில் சுமையோடு இறக்கிக்கொண்டே இருந்தார், வலி போய்விட்டது. 1998இல் அவர் வெளியிட்ட முறையில் பதினைந்து பதினைந்தாக மூன்று செட், முழங்காலை நீட்டி ஒரு தரம், மடக்கி ஒரு தரம், காலை மாலை இரு வேளை, பன்னிரண்டு வாரம். எல்லாம் இறக்கம் மட்டுமே.

எடை குறைந்தால் உடம்பு இளைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். உச்ச எடையில் 30 சதவீதமே ஆனாலும், இனி ஒன்று கூட முடியாது என்ற நிலை வரை செய்தால் தசை கனத்த எடைக்கு நிகராகவே வளர்கிறது. குறைவது உச்ச வலிமை. மேடையில் மார்க் போடுபவர் அதைக் கேட்பதில்லை.

மூட்டு தேய்வது ஜிம்மில் மட்டுமல்ல. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் லாரித் தொழில் ஊறிய ஊர்கள். கிளட்ச் மிதித்த இடது முழங்கால், தார்ப்பாய்க் கயிறு இழுத்த தோள், லோடு சுமந்த இடுப்பு என்று ஜிம்முக்குள் நுழையும் முன்பே மூட்டு பாதி உழைத்திருக்கும். சங்ககிரி மலைக்கோட்டைக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். அந்த முழங்காலுக்கு ஏற்றது பெஞ்ச் வைத்த ஸ்குவாட். பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, பொத்தென்று விழாமல், துணி மட்டும் பலகையில் உரசும் அளவுக்கு இறங்கி எழுவது. வலி வரும் ஆழத்துக்கு இரண்டு விரல் மேலே பெஞ்சின் உயரம் நிற்க வேண்டும். வாரங்கள் போகப் போகத் தாழ்த்திக்கொள்ளலாம். நல்ல ஜிம் மாஸ்டர் இந்த உயரத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்.

சாப்பாட்டில், முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரருக்குக் குறையில்லை. இளைஞனுக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம் புரதம் போதும். முதிய உடம்புக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. எழுபது கிலோ ஆளுக்கு 28 கிராம். முட்டைக் கணக்கில் நாலரை. அதை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடாமல் இரவில் மொத்தமாகக் கொட்டிக்கொள்வதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு.

பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் செம்மண் தரை, தண்டால், பஸ்கி, சுவரோரம் சாய்த்த கர்லாக்கட்டைகள் இருந்தன. தோளைச் சுற்றிக் கட்டை சுழலும்போது மூட்டு எல்லாப் பக்கமும் இளகும். கனம் குறைவு, வீச்சு முழுமை. பெஞ்சுக்கு முன் பத்து நிமிடம் கட்டை சுற்றிய தலைமுறைக்குத் தோள்வலி வந்தாலும் தங்கவில்லை. இப்போதைய ஜிம்களில் ஏசியும் சுவர் முழுக்கக் கண்ணாடியும் இருக்கின்றன. கர்லாக்கட்டையைத் தேடினாலும் கிடைப்பது அரிது. நடுவயதுக்காரர் எடையைக் குறைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து வலி மாத்திரை விழுங்கிவிட்டு பார்பெல்லின் கீழ் போய்ப் படுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து அது வேண்டாம். எந்த ரெப்பில் நிறுத்த வேண்டும் என்று சொல்ல மூட்டுக்கு வலியைத் தவிர வேறு வழியில்லை.