நாணயமும் நம்பரும்

அக்கா மகன் நியூஜெர்ஸியிலிருந்து போன் செய்தான். வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனானாம். நல்ல சம்பளம், முன்பணத்துக்குச் சேமிப்பு, சென்னையில் வாங்கிய ஹவுஸிங் லோனைத் தவணை தவறாமல் கட்டி முடித்ததற்கான கடிதம், எல்லாம் கையில். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த ஆபீசர், 'உங்களுக்கு ஸ்கோரே இல்லையே' என்றாராம்.

'மோசமான ஸ்கோர்னாக்கூட பரவாயில்ல மாமா. ஆளே இல்லைங்கறாங்க.'

நம் சிபில் கணக்கு கடல் தாண்டாது. அங்கே ஃபைகோ என்று ஒரு நம்பர். 300-லிருந்து 850 வரை. குறைந்தது ஆறு மாதமாக ஒரு கடன் கணக்காவது இருந்தால்தான் அது பிறக்கும். சம்பளம் எவ்வளவு என்று கேட்காது. ஆகவே கடன் வேண்டுமென்றால் முதலில் கடன் வாங்கியிருக்க வேண்டும். 'கடன்காரன்' என்பதை வசவாக மட்டுமே உபயோகித்த என் பாட்டிக்கு இதை விளக்கவே முடியாது.

அவனை ஒரு பழைய படம் பார்க்கச் சொன்னேன். ஃப்ராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' (1946). வந்தபோது பெரிதாக ஓடவில்லை. 1974-ல் காப்பிரைட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டதால் டி.வி.க்காரர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுப் போட்டே அதைக் காவியமாக்கிவிட்டார்கள். தேவதை வந்து தற்கொலையைத் தடுக்கிற படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மறுபடி பாருங்கள். அசல் ஹவுஸிங் லோன் படம்!

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு சின்ன ஊரில் வீட்டுக்கடன் சங்கம் நடத்துகிறார். எர்னி என்கிற டாக்ஸி டிரைவருக்குப் பேங்க் கடன் மறுத்துவிட்டது. சங்கம் தருகிறது. எப்படித் தரலாம் என்று பணக்கார பாட்டர் (லயனல் பேரிமோர்) சண்டைக்கு வருகிறார். சம்பளம், இன்ஷூரன்ஸ் பேப்பரெல்லாம் இருக்கிறது, குணத்துக்கு நான் ஜவாப்தாரி என்கிறார் ஹீரோ. படத்தின் உயிர் அந்தக் காட்சி. அப்புறம் மார்ட்டினி என்கிற இத்தாலியர் பாட்டரின் வாடகைக் குடிசையைக் காலி செய்துவிட்டு, குழந்தை குட்டிகளும் ஓர் ஆடுமாகச் சொந்த வீட்டுக்குப் போகிறார். ரொட்டி, உப்பு, ஒயின் வைத்து கிரகப்பிரவேசம். காப்ராவே 1903-ல் பெற்றோருடன் சிசிலியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பையன்தான். அந்தக் காட்சியில் அது தெரிகிறது.

பேங்க்காரரை வில்லனாகக் காட்டியது கம்யூனிஸ்ட் வேலை என்று 1947-ல் எஃப்.பி.ஐ. குறிப்பு எழுதியது தனிக் கதை.

ஆனால் எனக்கு ஒரு புகார் உண்டு. ஹீரோவுக்கு எர்னியைப் பல வருஷமாகத் தெரியும். நேற்று பஸ்ஸில் வந்து இறங்கினவனுக்கு யார் ஜவாப்? காப்ரா அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்த வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஆனி, கடைசியில் தன் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறாள். அவளுக்குச் சொந்த வீடு உண்டா, படம் சொல்வதில்லை. நிஜத்தில் அப்போது கறுப்பர்கள் வசிக்கும் பகுதிகளை மேப்பில் சிவப்பாகக் குறித்து, கடனைத் தவிர்த்தார்கள். 'நம்ம ஆளு, நல்லவன்' என்று முகம் பார்த்துக் கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இது. யார் 'நம்ம ஆளு' என்பதைப் பாட்டரும் முடிவு செய்யலாம்.

அதனால்தான் 1989-ல் ஃபைகோ நம்பர் வந்தபோது நியாயமாகத் தோன்றியது. நம்பருக்கு நிறம், மதம் தெரியாது. 1995-லிருந்து வீட்டுக்கடனிலும் அதன் ஆட்சி. தெரிந்தவர்களைப் பாரபட்சமின்றி எடை போடும். தெரியாதவனை என்ன செய்வது என்று அதற்கும் தெரியவில்லை. காப்ரா விட்ட அதே ஓட்டை.

மார்ட்டினி கதையிலேயே விடை இருக்கிறது. அவர் மாசாமாசம் வாடகை கட்டினவர். வாடகை கட்டினவன் தவணையும் கட்டுவான் என்கிற எளிய உண்மையை, ஃபேனி மே நிறுவனம் தன் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது 2021-ல்தான். ஸ்கோர் இல்லாதவர்களின் ஃபைலை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிற முறையும் அங்கே உண்டு. பன்னிரண்டு மாத வாடகை, கரண்ட், போன், இன்ஷூரன்ஸ் ரசீதுகள் வேண்டும். எல்லா பேங்க்கும் செய்யாது, தேடவேண்டும். அரசு ஜாமீன் தரும் எஃப்.எச்.ஏ. கடன் மட்டும் 2025 மே 25 முதல் எச்-1பி போன்ற விசாக்காரர்களுக்குக் கிடையாது. உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால், வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் பேங்க் மூலம் கட்டச் சொல்லுங்கள். ரசீது முக்கியம்.

தமிழில் 'நாணயம்' என்றால் காசும் அதுதான், நேர்மையும் அதுதான். காசு கடல் தாண்டினால் எக்ஸ்சேஞ்ச் ரேட் போட்டு மாற்றிக்கொடுக்கிறார்கள். நேர்மைக்கு இன்னும் அப்படி ஒரு கவுன்ட்டர் சரியாகத் திறக்கவில்லை.

அக்கா மகன் படம் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். 'நல்ல படம் மாமா' என்றான்.

'ரசீதெல்லாம் எடுத்து வெச்சியா?' என்றேன்.

'பதினோரு மாசம் இருக்கு. ஒரு மாசம் பொறுக்கணும்.'