தூபம் வாசனைக்கல்ல

தூபத்துக்கான விதிகளைத் தரும் விடுதலைப் பயணம் 30-ஆம் அதிகாரத்தை நம் அங்கத்தினருக்கு விளக்கத் தேவையில்லை. அதற்குப் பொருள் சொன்னவர்கள் பிரிந்த இடமே நமக்கு முக்கியம். அலெக்சாந்திரியாவின் பிலோ, அங்கே சொல்லப்பட்ட நான்கு சரக்குகளில் நிலம், நீர், காற்று, நெருப்பைக் கண்டார். வரலாற்றாசிரியர் யோசேபுஸ், தம் காலத்து ஆலயத் தூபத்தில் கடலும் நிலமும் தந்த 13 சரக்குகளைச் சொல்லி, எல்லாம் இறைவனுக்கே உரியவை என்றார். 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிதிஸோ, பலி வாடையைப் போக்கவே தூபம் என்று முடித்துவிட்டார். நம் ஆசிரியர் வழி இம்மூன்றிலும் நிற்பதில்லை. பரிகாரத்தோடு எழும் மன்றாட்டே தூபம் என்பது அதன் துணிபு. கொள்ளைநோயின் நடுவே ஆரோன் தூபக்கலசத்துடன் செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையில் நின்றார், நோய் நின்றது. வாடை போக்கும் பொருளுக்கு அங்கே என்ன வேலை? பாவக்கழுவாய் நாளில் தலைமைக் குரு தூபத்துக்கான கரியைப் பரிகாரம் நடக்கும் பலிபீடத்திலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. ஆரோனின் மக்கள் நாதாபும் அபிகூவும் மாண்டது சரக்கின் குறையால் அல்ல, வேற்று நெருப்பால். துர்நாற்றமுள்ள அல்பான் பிசினும் கலவையில் இருப்பதைக் காட்டி, பாவிகளைச் சேர்க்காத நோன்பு நோன்பாகாது என்றார்கள் தால்முத் ரபிகள்.

எசாயா தூபத்தை அருவருப்பு என்றாரே என்பார்கள். அவர் கடிந்தது இரத்தக்கறை படிந்த கைகளை. முதல் கிறிஸ்தவர்கள் தூபத்தை ஒதுக்கினார்கள் என்பது இன்னும் கனமான மறுப்பு. ஆனால் 112-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பேரரசன் சிலைக்குச் சாம்பிராணி இடுகிறார்களா என்று ரோம ஆளுநர் பிளினி சோதித்த காலம் அது. அவர்கள் மறுத்தது அந்தச் சிலைக்குப் போன புகையை. நெருக்கடி நீங்கிய 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், எருசலேம் உயிர்ப்புக் கோவிலுக்குள் ஞாயிறுதோறும் தூபக்கலசங்கள் வருவதை திருப்பயணி எஜேரியா எழுதியிருக்கிறார்.

இன்றைய நிலையைச் சொல்லும்போது யாரையும் சுட்டவில்லை, நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் கப் சாம்பிராணியைக் கொளுத்திப் பீடத்தருகே வைத்துவிட்டு ஓய்வதையும், கரி கனன்று சாம்பல் பூக்குமுன்னே தூளை அள்ளிக் கொட்டிக் கரும்புகை கிளப்புவதையும், சென்ட் கலந்ததே உயர்ந்தது என்று வாங்குவதையும் எப்படிப் பொறுப்பது? பாடலும் நோன்பும் பக்தியும் தளர்ந்தது இந்த ஒரு சீர்கேட்டிலிருந்துதான் என்றே சொல்வேன். நுட்பம் கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. எருசலேம் ஆலயத்துக்குத் தூபம் தயாரித்த அப்தினாஸ் குடும்பத்தார், புகையைக் கோல்போல் நேரே எழுப்பும் நுட்பத்தை யாருக்கும் கற்றுத்தரவில்லை. ஆலயத்தார் அவர்களை விலக்கி அலெக்சாந்திரியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள்; புகை கலைந்து பரவியது. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்துப் பழையவர்களையே அழைத்தார்கள். ஆலயச் சரக்கை வீட்டுக்கு எடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, அந்த வீட்டு மணப்பெண்கள் நறுமணம் பூசியதே இல்லை. அவர்கள் நுட்பம் அவர்களோடு போயிற்று. நம் பெரியவர்கள் மறைப்பவர்கள் அல்லர். அவர்களிடம் இளையோர் உட்கார்ந்து கற்க நிர்வாகக் குழு இந்த ஆண்டே ஏற்பாடு செய்ய வேண்டும்.